கூட்டினா ஒன்பது: இன்ஜினைக் கையால் சுற்றி டேப்பெட் செட் பண்ணலாம் வாங்க

ஐசி இன்ஜின்ஸ் பேப்பர்ல வால்வ் டைமிங் டயகிராம் வரைஞ்சு மார்க் வாங்கினவன்தான் நானும். ஆனா லீவுல தாத்தாவோட பழைய அம்பாசடர் பானெட்டைத் திறந்தப்போ, எந்த வால்வை முதல்ல செட் பண்ணணும்னே தெரியல. சாவியைத் திருகித் திருகிப் பார்த்தேன். ஸ்டார்ட்டர் ஒவ்வொரு தடவையும் வேண்டிய இடத்தைத் தாண்டித்தான் நின்றது. தீர்வு டிக்கியிலேயே கிடந்தது: ஸ்டார்ட்டிங் ஹேண்டில்.

முதல்ல, ஏன் இந்த வேலை? ராக்கர் ஆர்முக்கும் வால்வ் தண்டுக்கும் நடுவே சின்ன இடைவெளி இருக்கணும். அதிகமானா 'டக் டக்' சத்தம் வரும், வால்வ் முழுசா திறக்காது. குறைஞ்சா சத்தமே வராது, அதுதான் ஆபத்து. வால்வ் சரியா உட்காராம, சூட்டை சீட்டுக்குக் கடத்த முடியாம கருகிடும். சத்தமில்லாத இன்ஜின் நல்ல இன்ஜின்னு நம்பிடாதீங்க.

இடைவெளியை அளக்க, அந்த வால்வோட கேம் மூக்கு நேர் எதிர்ப்பக்கம் இருக்கணும். அதுக்குத்தான் இன்ஜினை மெதுவா சுற்றணும்.

சாவியை எடுத்துடுங்க, பேட்டரி வயரைக் கழற்றுங்க, கியர் நியூட்ரல், ஹேண்ட்பிரேக் போடுங்க. அடுத்து ஸ்பார்க் பிளக் நாலையும் கழற்றுங்க. கம்ப்ரெஷன் போயிடும், ஒரு கையாலேயே சுற்றலாம். முன்னாடி நின்னு பார்த்தா கடிகாரச் சுற்றில் சுற்றணும். ஹேண்டில் இல்லாத வண்டியா? கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டு, அந்த இன்ஜின் சுற்றும் திசையிலேயே திருப்புங்க. எதிர்த்திசையில் திருப்பினா போல்ட் லூஸ் ஆகலாம்.

இப்போ அம்பாசடரோட 1489 சிசி பெட்ரோல் இன்ஜினுக்கு ஒரு சூத்திரம். முன்னாலிருந்து வால்வுகளுக்கு 1 முதல் 8 வரை எண் கொடுங்க. 8 முழுசா திறந்திருந்தா 1-ஐ செட் பண்ணுங்க. 6 திறந்திருந்தா 3. எப்பவும் கூட்டினா ஒன்பது. 1, 3, 5, 2, 8, 6, 4, 7 வரிசையில் போனா, கிராங்க் இரண்டு சுற்றுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும்.

ஏன் ஒன்பது? ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. ஒண்ணாவது சிலிண்டருக்கும் நாலாவதுக்கும் கிராங்க்கில் 360 டிகிரி வித்தியாசம். கேம்ஷாஃப்ட் பாதி வேகத்தில் சுற்றுவதால் அங்கே அது 180 டிகிரி. இரண்டுக்கும் மூணுக்கும் அதே கணக்கு. வால்வுகளும் நடுவிலிருந்து கண்ணாடி பிம்பம் மாதிரி அடுக்கியிருக்கு: 1-ம் 8-ம் எக்ஸாஸ்ட், 3-ம் 6-ம் இன்லெட். அதனால ஒண்ணு முழுசா திறக்கும்போது அதோட ஜோடி எதிர்ப்பக்கம் நிற்குது. மூணு சிலிண்டர் மாருதி 800-க்கு இந்தக் கணக்கு செல்லாது.

லாக்நட்டைத் தளர்த்தி, ஃபீலர் கேஜை நுழைச்சு, ஸ்க்ரூவைத் திருப்புங்க. கேஜ் லேசா பிடிச்சு இழுபடணும். எத்தனை மில்லிமீட்டர், சூட்டிலா ஆறின பிறகா என்பதை மேனுவலில் பாருங்க. லாக்நட்டை இறுக்கினதும் மறுபடி அளங்க. இறுக்கும்போது ஸ்க்ரூவும் கூடவே திரும்பிடும். நான் முதல்முறை அங்கேதான் கோட்டைவிட்டேன், எட்டையும் திரும்பப் பண்ண வேண்டியிருந்தது.

கடைசியா ஹேண்டிலை எடுத்துட்டு சாவியைப் போடுங்க. மறந்துடாதீங்க!