கணினி உருவத்தின் மூட்டுச் சுருங்குவது ஏன்?

திரைப்படங்களிலும் விளையாட்டுகளிலும் கணினியால் ஆக்கிய மனித உருவங்கள் நடமாடக் காண்கிறோம். அவற்றுள் சில கையைத் திருப்பும்போது, மணிக்கட்டு பிழிந்த துணிபோல ஒட்டிவிடும். வரைந்தவர் மீது பழி போடுவார் பலர். குறை கணக்கில் இருக்கிறது. நம் மாணவர் கற்கும் வடிவியலே அதை விளக்கப் போதும்.

இவ்வுருவத்தின் உள்ளே எலும்புக்கூடு. வெளியே ஆயிரக்கணக்கான புள்ளிகளால் பின்னிய வலைத்தோல். ஒவ்வொரு புள்ளியும் எந்த எலும்புக்கு எவ்வளவு கட்டுப்பட்டது எனப் பங்கு வகுத்திருப்பர். மூட்டின் நடுவிலுள்ள புள்ளிக்கு இரண்டு எலும்பிலும் பாதிப் பாதி. முதல் எலும்போடு மட்டும் சென்றால் அப்புள்ளி எங்கிருக்கும், மற்றதோடு மட்டும் சென்றால் எங்கிருக்கும் என இரண்டு இடம் கண்டு, பங்கின்படி சராசரி எடுப்பர். விரைவான முறையாதலின் இன்றும் பெருவழக்காக உள்ளது.

இனிக் கரும்பலகையில் ஒரு வட்டம் வரைக. அதுவே மணிக்கட்டின் குறுக்குவெட்டு என்க. முன்கை எலும்பு அசையாதிருக்க, கை எலும்பு 90 பாகை திரும்புகிறது. நம் புள்ளிக்கு இப்போது இரண்டு இடங்கள். இரண்டும் வட்டத்தின் மேலுள்ளவை. அவற்றின் நடுப்புள்ளியோ நாணின் மேல் விழுகிறது! மையத்திலிருந்து அதன் தொலைவு ஆரத்தில் ஏறத்தாழ 71 விழுக்காடே. 180 பாகை திருப்பினால் நாண் விட்டமாகும். நடுப்புள்ளி மையத்திலேயே விழும். சுற்றியுள்ள புள்ளிகள் அனைத்திற்கும் இதே கதி. முறுக்கிய மிட்டாய்த் தாள் என்று இத்துறையினர் இதற்கு இட்ட பெயர் வெகு பொருத்தம்.

இடங்களை விடுத்துச் சுழற்சிகளையே கலக்கும் ஒரு முறையை லாடிஸ்லாவ் கவான் முதலியோர் 2007இல் வெளியிட்டனர். அதில் புள்ளி வட்டத்தை விட்டு நீங்காது. ஆயின் முழங்கையை மடக்கினால் மூட்டுப் புடைத்துத் தோன்றும்.

இயற்கை செய்வது வேறு. வலது முன்கையை இடக்கையால் பற்றிக்கொண்டு, உள்ளங்கையைக் கவிழ்த்துப் பாருங்கள். முறுக்கு மணிக்கட்டில் நிகழவில்லை. முன்கையின் இரண்டு எலும்புகளுள் பெருவிரல் பக்கத்து எலும்பு மற்றதன்மேல் குறுக்காகச் சாய்கிறது. திருப்பம் முன்கை நெடுகப் பரவுகிறது. இதனைக் கண்டே உருவம் அமைப்போர் முன்கையில் துணை எலும்புகள் சிலவற்றைச் செருகுகின்றனர். 90 பாகையை 30 பாகையாக மூன்று இடங்களில் பகிர்ந்தால், அதே பழைய சராசரிக் கணக்கிலும் ஒவ்வோரிடத்திலும் ஆரத்தில் 97 விழுக்காடு எஞ்சுகிறது. அந்தச் சிறு குறை கண்ணுக்குப் புலப்படுவதில்லை.