தெருவை ருசி பார்க்கும் செயலி

கல்யாண வீட்டில் ரசம் கொதிக்கும்போது சமையல்காரர் நாலு பேர் உள்ளங்கையில் கொஞ்சம் விட்டு, "எப்படி இருக்கு?" என்பார். "நல்லா இல்லை" என்ற பதில் அவருக்கு உதவாது. "உப்பு குறைச்சல்" என்றால் கை நேராக உப்பு ஜாடிக்குப் போகும். தெருவில் நடக்கும்போது மனதில் எழும் பயத்தையும் இப்படிப் பிரித்துக் கேட்கிறது சேஃப்டிபின் என்ற கைபேசிச் செயலி. கல்பனா விஸ்வநாத்தும் ஆஷிஷ் பாசுவும் 2013இல் டெல்லியை மனதில் வைத்துத் தொடங்கியது அது.

முதலில் இடம். நீங்கள் நிற்கும் புள்ளியை ஜிபிஎஸ் கண்டுபிடிக்கிறது. அதற்குக் குறைந்தது 4 செயற்கைக்கோள்களின் சிக்னல் வேண்டும். உயரமான கட்டடங்களுக்கு நடுவே சிக்னல் சுவரில் பட்டுத் திரும்பி, உங்களைப் பக்கத்துத் தெருவில் நிறுத்திவிடக்கூடும். அதனால் புள்ளி சரிதானா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

பிறகு கேள்விகள். மொத்தம் 9: வெளிச்சம், சுற்றிலும் பார்க்க முடிகிறதா, உங்களைப் பார்க்க யாராவது இருக்கிறார்களா, ஆள் நடமாட்டம், காவல், நடைபாதை, பேருந்து அல்லது ஆட்டோ வசதி, பெண்களும் குழந்தைகளும் தென்படுகிறார்களா, கடைசியாக உங்கள் மனதுக்கு எப்படி இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண்.

இதில் மூன்றாவது கேள்வியைக் கவனியுங்கள். விளக்கு பளிச்சென்று எரிந்தாலும், இரண்டு பக்கமும் நீண்ட மதில் சுவர் மட்டும் இருந்தால் கூப்பிட்ட குரலுக்கு யார் வருவார்கள்? அதே சாலையில் ஒரு பான் கடை, ஒரு மோமோ வண்டி, தெருவைப் பார்த்த நாலு ஜன்னல் இருந்தால் நடை தானாகவே இயல்பாகிவிடும். தெருவோர வியாபாரிகளை அப்புறப்படுத்தும் நகராட்சிகள் இதை யோசிப்பதே இல்லை.

கேள்விமுறை பழையதுதான். 1989இல் கனடாவின் டொரான்டோவில் மெட்ராக் என்ற அமைப்பு உருவாக்கிய பெண்கள் பாதுகாப்புத் தணிக்கையில், பெண்கள் குழுவாக நடந்து தாளில் குறித்தார்கள். கைபேசி அதனோடு துல்லியமான இடத்தையும் நேரத்தையும் சேர்த்தது.

அடுத்து, பலர் போட்ட மதிப்பெண்கள் சர்வரில் ஒன்றுசேர்ந்து வரைபடத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பாக விழுகின்றன. பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது நிறம். ஆனால் சிவப்பு என்பது வெறும் "நல்லா இல்லை". உள்ளே போய் வெளிச்சத்துக்கு 0 என்று பார்த்தால்தான் மின்கம்பம் வரும். நிறத்தை மட்டும் பார்த்தால், ஏழைகள் வாழும் பகுதிக்குக் கெட்ட பெயர்தான் மிஞ்சும்.

சரி, யாரும் பதிவு செய்யாத தெருக்கள்? அங்கே கார் முன்கண்ணாடியில் கைபேசியைப் பொருத்தி இரவில் படமெடுக்கிறார்கள். இப்படி டெல்லியில் 7,000க்கும் மேற்பட்ட இருட்டு இடங்கள் அடையாளம் காணப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அப்புறம் விளக்கு வந்தது. படத்தில் வெளிச்சமும் நடைபாதையும் தெரியும், நடப்பவரின் மனம் தெரியாது. அதை ஆள்தான் சொல்ல வேண்டும்.

ஆகவே, இத்தகைய செயலி உங்களிடம் இருந்தால், வீட்டு வேலைக்கு வரும் பெண் மாலையில் திரும்பும் வழியில் அவருடன் ஒருமுறை நடந்து, அவர் சொல்லும் மதிப்பெண்ணைப் பதியுங்கள். ஸ்மார்ட்போன் இல்லாதவர்களின் தெருக்கள்தான் வரைபடத்தில் வெறுமையாகக் கிடக்கின்றன.