பிர்சிக் சென்ற வழியில் பழைய வண்டிகள்: மீள்பயணம் ஒரு வாசிப்பு முறையா?

முன்னுரை

அமெரிக்க எழுத்தாளர் ராபர்ட் பிர்சிக் எழுதிய 'ஜென்னும் மோட்டார் சைக்கிள் பராமரிப்புக் கலையும்' என்னும் நூல் 1974ஆம் ஆண்டு வெளிவந்தது. 1968ஆம் ஆண்டுக் கோடையில் அவர் தம் மகன் கிறிஸைப் பின்னால் அமர்த்திக்கொண்டு, மின்னியாபொலிஸ் நகரிலிருந்து சான் பிரான்சிஸ்கோ வரை சென்ற பயணம் இந்நூலுக்கு அடிப்படையாகும். பின்னாளில் வாசகர் பலர் அதே வழியில் பயணம் செய்துள்ளனர். அவர்களுட் சிலர் பழைய வண்டிகளையே தேடி எடுத்துச் செல்கின்றனர். இது பழம்பொருள் விருப்பம் மட்டுமா, பனுவலை வாசிக்கும் முறையும் ஆகுமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

வழியும் வண்டியும்

கதைசொல்லி மைல்ஸ் சிட்டி, போஸ்மன், கிரான்ஸ் பாஸ் என ஊர்களைப் பெயர் சுட்டிச் செல்வதால், வழியை வரைபடத்தில் குறிப்பது எளிது. ஆனால் உடன்வரும் நண்பர் ஜானின் வண்டி பி.எம்.டபிள்யூ என்று கூறும் பனுவல், கதைசொல்லியின் வண்டி எந்த நிறுவனத்தது என்று கூறுவதில்லை. அது ஹோண்டா சூப்பர் ஹாக் என்பது ஆசிரியரின் வாழ்க்கைக் குறிப்பால் அறியப்படும் செய்தி. ஆகவே அதே வண்டியைத் தேடுவோர் ஆசிரியரைப் பின்பற்றுகின்றனரே அன்றிப் பனுவலைப் பின்பற்றவில்லை. இவ்வழியில் தனியே சென்று 2008இல் நூல் எழுதிய கனடிய இதழாளர் மார்க் ரிச்சர்ட்சன் ஓட்டியது ஒரு பழைய சுசூகி.

பரிசில் பெற்றவன் பெறாதவனை வழிப்படுத்துவது ஆற்றுப்படை. அங்கு வழிகாட்டுதலே பனுவலின் நோக்கம். பிர்சிக்கின் நூல் எவரையும் அவ்வழிக்கு அனுப்பவில்லை. வாசகரே அதனை வழிநூலாக்கிக் கொள்கின்றனர்.

பழமை தரும் பயன்

அவ்வாறாயின் பழைய வண்டியால் பயன் யாது? உயர்நிலப் பகுதியை அடைந்ததும் ஸ்பார்க் பிளக்கில் கரி படிந்திருப்பதைக் கதைசொல்லி காண்கிறார். உயரம் கூடக் காற்றின் அடர்த்தி குறைகிறது. கார்புரேட்டர் அதற்கேற்பப் பெட்ரோலைக் குறைப்பதில்லை. கலவையில் பெட்ரோல் மிகுந்து கரி படிகிறது. இக்காரணத்தை அவர் கண்ணாலும் காதாலும் உய்த்துணர்கிறார். இவ்வழியிலுள்ள பேர்டூத் கணவாயின் உயரம் ஏறத்தாழ 3,300 மீட்டர். இன்றைய வண்டியில் உணரிகளும் சிறு கணிப்பொறியும் இம்மாற்றத்தைத் தாமே ஈடுசெய்துவிடும். ஓட்டுபவர் எதையும் அறியாமலே கணவாயைக் கடந்துவிடுவார். பழைய வண்டியோ அவரை நிறுத்திப் பார்க்க வைக்கும்.

ஜானின் கைப்பிடி தளர்ந்தபோது, பீர் தகரக் குவளையிலிருந்து ஒரு துண்டை வெட்டி இடையில் செருகலாம் என்று கதைசொல்லி கூற, அது தம் உயர்தர வண்டிக்கு இழுக்கு என ஜான் கருதுகிறார். பொருளின் பெயரைப் பார்ப்பவருக்கும் அதன் பண்பைப் பார்ப்பவருக்கும் உள்ள வேறுபாட்டை இந்நிகழ்ச்சி காட்டுகிறது. பழைய வண்டியைக் கையால் பழுதுபார்த்துச் செல்பவர் இவ்வேறுபாட்டைச் செயலால் அறிகிறார். அதே மாதிரி வண்டியைப் பெருவிலைக்கு வாங்கி, அதன் பராமரிப்பைப் பிறரிடம் விட்டுவிடுபவர் பிர்சிக்கின் வழியில் ஜானாகவே பயணம் செய்கிறார்.

மீட்க இயலாதது

பயணம் நெடுகிலும் கிறிஸின் கண்முன் இருப்பது தந்தையின் முதுகு. நூலின் முடிவில் அவன் கால்தாங்கியில் எழுந்து நின்று, தந்தையின் தோளுக்கு மேலாகச் சாலையைக் காண்கிறான். அக்கிறிஸ் 1979இல் சான் பிரான்சிஸ்கோவில் கொல்லப்பட்டான். பிற்பதிப்பின் பின்னுரையில் பிர்சிக் இத்துயரை எழுதியுள்ளார். 1974ஆம் ஆண்டுப் பனுவல் நம்பிக்கையோடு சென்றடையும் நகரம், இன்று அவ்வழியில் செல்பவருக்கு அச்சிறுவன் மாண்ட நகரமுமாகும். எத்துணைப் பழைய வண்டியாலும் இவ்வறிவை நீக்கி, முதற்பயணத்தின் மனநிலையை மீட்டுத் தர இயலாது.

முடிவுரை

மீள்பயணம் வாசிப்பாவதும் ஆகாதொழிவதும் வண்டியின் வயதால் அமைவன அல்ல. பழைய வண்டி, பனுவல் வலியுறுத்தும் கவனத்தைப் பயணியிடம் வேண்டி நிற்கிறது. அதனை அவர் கைக்கொள்ளும்போது பராமரிப்பே வாசிப்பாகிறது. பிர்சிக்கின் ஹோண்டா இன்று ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது. அவ்வண்டி ஓய்வு பெற்றுவிட்டது. அதன்மீது அவர் செலுத்திய கவனத்தை மட்டும் ஒவ்வொரு பயணியும் புதிதாகத் தொடங்க வேண்டியுள்ளது.