பூனைக்கு ஓயாத வாந்தி, பேதியா? முடிதான் என்று அசட்டையா விட்டுடாதீங்க!

வீட்டுப் பூனை வாரத்துக்கு இரண்டு, மூன்று தடவை வாந்தி எடுக்கும். நடுவில் பேதியும் போகும். "முடியை நக்கியிருக்கும், அதான் கக்குது" என்று துடைத்துப் போட்டு விட்டு வேலையைப் பார்ப்பவர்கள்தான் அதிகம். இரண்டு மாதம் கழித்து தூக்கினால் முதுகெலும்பு கையில் தட்டும். அப்போதுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள்.

எப்போதாவது முடி உருண்டையை கக்குவது பூனைக்கு சகஜம். ஆனால் வாந்தியோ பேதியோ 3 வாரத்துக்கு மேல் விட்டு விட்டு வந்தால் நாள்பட்ட குடல் நோயாக இருக்கலாம். சில பூனைகளுக்கு பேதியே இருக்காது. உடம்பு மட்டும் இளைத்துக்கொண்டே போகும்.

குடலுக்குள் என்ன நடக்கிறது?

கிருமியோடு சண்டை போட வேண்டிய ரத்த வெள்ளை அணுக்கள் குடல் சுவரிலேயே வந்து குவிந்து விடுகின்றன. சாப்பிடும் சாப்பாட்டையே எதிரியாக நினைத்து விடுகின்றன. குடல் சுவர் தடித்து வீங்குகிறது. தின்ற சத்து உடம்பில் ஒட்டுவதில்லை. நடுத்தர வயது தாண்டிய பூனைகளுக்கு இது அதிகம்.

குடல் புழு, சிறுநீரகக் கோளாறு, தைராய்டு ஆகியவற்றிலும் இதே அறிகுறிகள் வரும். அதனால் முதலில் மல பரிசோதனை, ரத்த பரிசோதனை, ஸ்கேன் செய்து பார்ப்பார்கள். குடலில் வரும் ஒருவகை புற்றுநோயும் இதே மாதிரிதான் இருக்கும். சந்தேகம் வந்தால் சதைத் துணுக்கு எடுத்து பார்ப்பது உண்டு. சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரியில் பூனைகளுக்கும் சிகிச்சை அளிக்கப்படுகிறது.

முதல் மருந்து சாப்பாடுதான்

நிறைய பூனைகளுக்கு சாப்பாட்டை மாற்றினாலே நோய் அடங்கி விடுகிறது. காலம் முழுக்க மீனும் கோழியும் தின்ற பூனை என்றால், அது இதுவரை தின்னாத கறிக்கு மாற்ற வேண்டும். ஆட்டுக்கறி, வாத்து, முயல் என்று ஏதாவது ஒன்று மட்டும். உப்பு, காரம் இல்லாமல் வேக வைத்துக் கொடுக்க வேண்டும். வெங்காயம், பூண்டு கூடவே கூடாது. அவை பூனையின் ரத்த சிவப்பணுக்களை அழித்து விடும். வசதி உள்ளவர்கள் இந்த நோய்க்கென்றே விற்கும் பாக்கெட் உணவை டாக்டரிடம் கேட்டு வாங்கலாம்.

ஒரே நாளில் மாற்றக்கூடாது. பழைய சாப்பாட்டில் புதியதை கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ஒரு வாரத்தில் மாற்ற வேண்டும். பலன் இருந்தால் பெரும்பாலும் 2 வாரத்திலேயே தெரியும். இடையில் பக்கத்து வீட்டு அக்கா ஒரு துண்டு கருவாடு போட்டால்கூட போச்சு! திரும்ப முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

பாலையும் நிறுத்த வேண்டும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு பால் செரிக்காது, பேதி கூடும்.

அதேநேரம் மாதக்கணக்கில் வீட்டுச் சாப்பாட்டை மட்டுமே கொடுப்பதும் ஆபத்து. பூனைக்கு 'டாரின்' என்ற சத்து அவசியம். அது குறைந்தால் இதயம் பலவீனமாகும் என்பதை 1987-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். கண் பார்வையும் போகும். எதை எவ்வளவு சேர்ப்பது என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மாத்திரை எப்போது?

சாப்பாட்டில் அடங்காவிட்டால் 'பிரெட்னிசோலோன்' என்ற ஸ்டீராய்டு மாத்திரை தருவார்கள். பூனையின் எடையைப் பார்த்துத்தான் அளவு. வாந்தி நின்றதும் "சரியாயிடுச்சு" என்று சட்டென நிறுத்துவது பெரிய தப்பு. நோய் திரும்பி வரும். உடம்பும் ஸ்டீராய்டுக்கு பழகியிருக்கும் என்பதால் டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். மாத்திரை சாப்பிடும் பூனை அதிகமாக தண்ணீர் குடித்தால், அடிக்கடி சிறுநீர் போனால் டாக்டரிடம் சொல்லுங்கள். சில பூனைகளுக்கு சர்க்கரை நோய் வரலாம்.

குடல் கெட்டால் வைட்டமின் பி-12 சத்தும் குறையும். அதற்கு வாரம் ஒரு ஊசி வீதம் 6 வாரம் போடுவது வழக்கம்.

பாராசிட்டமால் எமன்!

மனிதர்கள் சாப்பிடும் காய்ச்சல் மாத்திரையை பூனைக்கு கொடுக்கவே கூடாது. ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரை போதும், உயிர் போய்விடும்.

பூனை ஒரு நாள் முழுக்க சாப்பிடாவிட்டாலே டாக்டரிடம் போக வேண்டும். பட்டினி சில நாள் நீடித்தால் கல்லீரலில் கொழுப்பு படிந்து நிலைமை மோசமாகும். குண்டு பூனைகளுக்கு இந்த ஆபத்து அதிகம்.

இந்த நோய் அடியோடு போவது அரிது. ஆனால் சர்க்கரை நோயாளி பத்தியம் இருந்து காலம் தள்ளுவது போல பூனையும் பல வருடம் நன்றாக வாழலாம்.

வாரம் ஒருமுறை எடை பாருங்கள். பூனையை தூக்கிக்கொண்டு எடை மிஷினில் ஏறுங்கள், பிறகு இறக்கி விட்டு தனியாக ஏறுங்கள். வித்தியாசம்தான் பூனையின் எடை. 4 கிலோ பூனை 400 கிராம் குறைவது, 60 கிலோ ஆள் 6 கிலோ இளைப்பதற்குச் சமம். எடை இறங்கினால் வாந்தி வரும் வரை காத்திருக்காமல் டாக்டரிடம் காட்டுவது நல்லது.