மின்காந்தத் துடிப்புப் பாதுகாப்பு

மின்காந்தத் துடிப்பு என்பது மிகக் குறுகிய நேரத்தில் தோன்றி, கம்பிகளிலும் கருவிகளிலும் மிகை மின்னழுத்தத்தைத் தூண்டும் மின்காந்த ஆற்றல் ஆகும். வளிமண்டலத்துக்கு மேலே நிகழும் அணுவெடிப்பே இதன் மிகக் கடுமையான மூலம். ஜூலை 1962 இல் அமெரிக்கா பசிபிக் பெருங்கடலுக்கு மேல் 400 கி.மீ. உயரத்தில் நடத்திய "ஸ்டார்பிஷ் பிரைம்" சோதனையின்போது, சுமார் 1,400 கி.மீ. தொலைவிலிருந்த ஹவாயில் தெருவிளக்குகள் பல அணைந்தன.

துடிப்பின் முதற்கூறு சில நானோ நொடிகளில் உச்சத்தை அடைகிறது. மின்னலுக்கென அமைக்கப்பட்ட காப்புக் கருவிகளுள் பல இவ்வேகத்துக்கு ஈடுகொடுக்க இயலாதவை. இறுதிக்கூறு மெதுவானது, நீண்ட மின்தடங்களில் மின்னோட்டத்தைத் தூண்டி மின்மாற்றிகளைச் சூடாக்கும். சூரியப் புயலின் விளைவும் இதை ஒத்ததே. 1989 மார்ச் 13 அன்று கனடாவின் கியூபெக் மாகாணம் சூரியப் புயலால் சுமார் 9 மணிநேரம் மின்சாரம் இழந்தது.

'''வேலூர் வட்டாரம்'''

ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் தோல் பதனிடும் ஆலைகளிலிருந்து வரும் கழிவுநீரைப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் தூய்மையாக்குகின்றன. இங்கு கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் உயிர்வாழக் காற்றூதிகள் இடைவிடாது இயங்க வேண்டும். சாதாரண மின்வெட்டை டீசல் மின்னாக்கி ஈடுசெய்யும். ஆனால் மின்னாக்கியின் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பலகையே துடிப்பால் பழுதானால் அதுவும் உதவாது. காற்றூதிகள் நின்றுபோனால் பாதிக்கப்படுவது பாலாறு.

'''காப்பு முறைகள்'''

கட்டுப்பாட்டுக் கருவிகளை முழுதும் மூடிய உலோகக் கூட்டினுள் (பாரடே கூடு) வைப்பது அடிப்படை முறை. கம்பி நுழையும் இடந்தோறும் வடிப்பான் தேவை. காப்பற்ற ஒரே கம்பி கூட்டையே பயனற்றதாக்கிவிடும். செய்திக் கம்பிகளுக்கு மாற்றாக ஒளியிழைகளைப் பயன்படுத்தலாம். உதிரிப் பலகைகளை எதனுடனும் இணைக்காமல் உலோகப் பெட்டியில் வைப்பது செலவு குறைந்த வழி. பெரிய மின்மாற்றிகளுக்கு இது பொருந்தாது. அவற்றைப் புதிதாகச் செய்து பெற ஓராண்டுக்கு மேலும் ஆகலாம்.