பெயரின் இறுதியில் ஒரு புள்ளி

இணையத்தளம் ஒன்றைப் பார்க்க விரும்பும்போது அதன் முகவரியை உலாவியில் தட்டச்சு செய்கிறோம். அம்முகவரியில் தளத்தைக் குறிக்கும் பகுதி ‘களப்பெயர்’ எனப்படும். களப்பெயரின் பகுதிகளைப் புள்ளிகள் பிரிக்கின்றன என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். நாம் வழக்கமாக எழுதாத மற்றொரு புள்ளியும் ஒவ்வொரு களப்பெயரின் இறுதியிலும் உண்டு. அதன் பயன் என்ன?

கணினிகள் ஒன்றையொன்று எண்களைக் கொண்டே அடையாளம் காண்கின்றன. மனிதர்களுக்கோ பெயர்களை நினைவில் வைத்துக்கொள்வதே எளிது. தொடக்கக் காலத்தில் எல்லாக் கணினிகளின் பெயர்களும் எண்களும் ஒரே கோப்பில் பதிவு செய்யப்பட்டன. கணினிகள் பெருகப் பெருக அக்கோப்பைப் பராமரிப்பது கடினமாயிற்று. எனவே, 1983ஆம் ஆண்டில் பால் மொக்காபெட்ரிஸ் என்ற அமெரிக்கக் கணினி அறிவியலாளர் களப்பெயர் முறையை வடிவமைத்தார்.

இம்முறை தலைகீழாக நிற்கும் ஒரு மரத்தைப் போன்றது. வேர் மேலே இருக்கும். கிளைகள் கீழ்நோக்கிப் பிரியும். ‘நூலகம்.சிங்கப்பூர்’ என்ற கற்பனைப் பெயரை எடுத்துக்கொள்வோம். கணினி இதனை வலமிருந்து இடமாக அணுகும். வலப்பக்கத்திலுள்ள ‘சிங்கப்பூர்’ என்பது மேல்நிலைக் களம். சிங்கப்பூர், இந்தியா, இலங்கை ஆகிய மூன்று நாடுகளுக்கும் தமிழில் எழுதப்பட்ட மேல்நிலைக் களங்கள் உள்ளன. மேல்நிலைக் களத்திற்கும் மேலே இருப்பது வேர். வேருக்கெனத் தனிப்பெயர் இல்லை. ஆகவே, பெயரை முழுமையாக எழுதும்போது ‘நூலகம்.சிங்கப்பூர்.’ என்று புள்ளியுடன் முடிக்க வேண்டும். அப்புள்ளிக்குப் பின்னால் உள்ள வெற்றிடமே வேரைக் குறிக்கிறது.

இவ்வாறு புள்ளியுடன் முடியும் பெயரை ‘முழுமையான பெயர்’ என்பர். புள்ளியின்றி முடியும் பெயர் ‘சார்புப் பெயர்’ ஆகலாம். ஓர் அலுவலகத்தில் பணிபுரிபவர் சக ஊழியரை அழைக்க ‘204’ என்ற உள்தொடர்பு எண்ணை மட்டும் அழுத்தினால் போதும். வெளிநாட்டிலிருந்து அழைப்பவருக்கு நாட்டுக் குறியீட்டுடன் கூடிய முழு எண் தேவை. சார்புப் பெயரும் அந்த உள்தொடர்பு எண்ணைப் போன்றதே. அதனுடன் வேறொரு பகுதியைச் சேர்த்தே கணினி அதைப் புரிந்துகொள்ளும். இறுதிப் புள்ளியோ, “பெயர் இங்கே முடிந்துவிட்டது, எதையும் சேர்க்காதே” என்று அறிவுறுத்துகிறது.

அப்படியானால், நாம் அப்புள்ளியை ஏன் தட்டச்சு செய்வதில்லை? உலாவியில் எழுதப்படும் பெயர் பெரும்பாலும் முழுமையான பெயராகவே இருக்கும் என்பதால், புள்ளி இல்லாவிட்டாலும் தளம் கிடைத்துவிடுகிறது. புள்ளியைச் சேர்த்தாலும் பல தளங்கள் வழக்கம்போலத் திறக்கும். சில தளங்கள் மட்டும் அதனை வேறொரு பெயராகக் கருதித் திறக்க மறுக்கும்.

ஆனால், களப்பெயர்களைப் பதிவு செய்து வைக்கும் கோப்புகளில் இச்சலுகை இல்லை. அங்கே புள்ளியின்றி முடியும் ஒவ்வொரு பெயருடனும் அக்கோப்புக்குரிய களத்தின் பெயர் தானாகவே சேர்ந்துவிடும். ‘நூலகம்.சிங்கப்பூர்’ என்று எழுதினால் அது ‘நூலகம்.சிங்கப்பூர்.சிங்கப்பூர்.’ என்று மாறிவிடும். அப்படியொரு தளம் எங்கும் இராது.

2009ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் இரவு சுவீடனில் இதுவே நிகழ்ந்தது. அந்நாட்டின் ‘எஸ்இ’ என்ற மேல்நிலைக் களத்திற்கான கோப்பை உருவாக்கிய நிரலில் இறுதிப் புள்ளி விடுபட்டுப்போனது. அப்போது அக்களத்தின்கீழ் ஏறத்தாழ 900,000 பெயர்கள் பதிவாகியிருந்தன. பலரால் அத்தளங்களைத் திறக்க முடியவில்லை, மின்னஞ்சல்களும் பாதிக்கப்பட்டன. பிழை ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் திருத்தப்பட்டது. ஆயினும், தவறான தகவலை ஏற்கெனவே பெற்றுச் சேமித்திருந்த கணினிகளில் பாதிப்பு மேலும் சில மணி நேரம் நீடித்தது.

ஒரு வாக்கியத்தின் இறுதியில் முற்றுப்புள்ளி விடுபட்டாலும் படிப்பவர் அதன் பொருளை ஊகித்துக்கொள்வார். கணினியோ எழுத்தாளரின் எண்ணத்தை அறியாது. எழுதப்பட்டதை மட்டுமே பின்பற்றும். அதனால்தான், களப்பெயர்க் கோப்புகளைக் கையாள்வோர் ஒவ்வொரு பெயரின் இறுதியையும் சரிபார்த்த பின்னரே அவற்றை வெளியிட வேண்டும்.