கர்பட்டியும் தீயணைப்பு வண்டியும்

அம்பர்நாத்தில் ஒரு சால். நகராட்சி ஊழியர் வாசலில் ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் போகிறார். தாள் முழுவதும் மராத்தி. வீட்டு அம்மாவுக்குத் தமிழ் படிக்க வரும். மராத்தி பேச வரும், படிக்க வராது. மகனிடம் கொடுக்கிறார். அவன் கடைசியில் உள்ள தொகையை மட்டும் படித்துச் சொல்கிறான். "இவ்வளவா?" என்கிறார் அம்மா. தாள் அரிசி டப்பாவுக்கு அடியில் போகிறது.

பல வீடுகளில் இதுதான் நடக்கிறது. அந்தத் தாள் கர்பட்டி பில். தமிழில் வீட்டு வரி, சொத்து வரி என்று சொல்கிறோம். தெருவிளக்கு எரிவதும், குப்பை அள்ளுவதும் இந்தப் பணத்தில்தான். தீயணைப்பு வண்டி ஓடுவதற்கும் இதில் ஒரு பங்கு போகிறது.

தீயணைப்பு நகராட்சியின் வேலையா? தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இந்தச் சந்தேகம் வரும். அங்கே தீயணைப்புத் துறை மாநில அரசின் கையில் இருக்கிறது. மகாராஷ்டிராவில் அப்படி இல்லை. இங்கே ஊருக்குள் மாநகராட்சியோ நகராட்சியோதான் அதை நடத்துகிறது. தொழிற்சாலைகள் உள்ள பகுதிக்கு எம்.ஐ.டி.சி. தனியாக வண்டிகள் வைத்திருக்கிறது. 1992இல் நமது அரசியல் சட்டத்தில் 74ஆவது திருத்தம் வந்தது. நகராட்சிகளிடம் ஒப்படைக்கக்கூடிய 18 வேலைகள் அதில் எழுதப்பட்டன. ஏழாவது வேலை தீயணைப்பு.

108 ஆம்புலன்ஸ் வேறு. அது மகாராஷ்டிராவில் 2014இல் தொடங்கியது. மாநில அரசு நடத்துகிறது. நோயாளியிடம் கட்டணம் கேட்பதில்லை. போலீசும் மாநில அரசுதான். ஆபத்து நேரத்தில் வருகிறவர்களில் கர்பட்டியால் நடப்பது தீயணைப்புப் படை.

"எங்கள் தெருவில் பத்து வருடமாகத் தீ பிடிக்கவில்லை. எதற்கு வரி?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விபோலத் தோன்றும். ஆனால் தீ பிடித்த பிறகு வண்டி வாங்க முடியாது. ஆட்களைப் பழக்கவும் முடியாது. வண்டி எப்போதும் தண்ணீரோடு தயாராக நிற்க வேண்டும். இரவும் பகலும் ஆட்கள் முறை வைத்துக் காத்திருக்க வேண்டும். எதுவும் எரியாத நாளுக்கும் சம்பளம் உண்டு.

அந்த வேலையின் ஆபத்தும் பெரியது. 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய் துறைமுகத்தில் ஒரு கப்பல் தீப்பிடித்தது. அதில் பஞ்சும் இருந்தது, வெடிமருந்தும் இருந்தது. தீயை அணைக்கப் போன நேரத்தில் கப்பல் வெடித்தது. தீயணைப்பு வீரர்கள் 66 பேர் இறந்தார்கள். அவர்கள் நினைவாகத்தான் இன்றும் ஏப்ரல் 14 தீயணைப்பு நாளாக இருக்கிறது.

அது பழைய கதை என்று விட்டுவிட முடியாது. அம்பர்நாத்துக்குப் பக்கத்தில் உள்ள டோம்பிவிலியில் 2016 மே 26 அன்று ஒரு ரசாயன ஆலை வெடித்தது. 2024 மே 23 அன்று வேறோர் ஆலை வெடித்தது. இரண்டிலும் பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். அம்பர்நாத்திலும் ரசாயன ஆலைகள் இருக்கின்றன. நெருக்கமான சால்களும் இருக்கின்றன. ஒரு காலத்தில் விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலையும் இருந்தது. இந்த ஊருக்குத் தீயைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, இந்த வரி எவ்வளவு என்று யார் முடிவு செய்வது?

அமெரிக்காவில் பல ஊர்களில் மக்களே முடிவு செய்கிறார்கள். ஒஹையோ மாநிலத்தில் இது வழக்கம். தீயணைப்புக்கும் ஆம்புலன்சுக்கும் வீட்டு வரியைக் கூட்ட வேண்டுமானால், தேர்தல் நாளில் அந்தக் கேள்வியும் வாக்குச்சீட்டில் இருக்கும். எத்தனை வருடத்துக்கு, எவ்வளவு என்று அதில் எழுதியிருக்கும். சம்மதம் என்றோ சம்மதமில்லை என்றோ மக்கள் குறி போடுவார்கள். சம்மதம் அதிகம் இருந்தால்தான் வரி.

அதே நாட்டில் வேறு மாதிரியும் நடந்தது. டென்னசி மாநிலத்தில் சவுத் ஃபுல்டன் என்று ஒரு சிறு ஊர். அந்த ஊரின் தீயணைப்பு வண்டி ஊருக்கு வெளியே உள்ள வீடுகளுக்கும் வரும். ஆனால் வெளியே இருப்பவர்கள் வருடத்துக்கு 75 டாலர் கட்டியிருக்க வேண்டும். 2010 செப்டம்பரில் வெளியே ஒரு வீடு தீப்பிடித்தது. அந்த வீட்டார் பணம் கட்டவில்லை. "இப்போதே தருகிறோம், அணையுங்கள்" என்று கெஞ்சினார்கள். அணைக்கவில்லை. பக்கத்து நிலத்துக்காரர் பணம் கட்டியிருந்தார். தீ அவர் நிலத்துக்குப் பரவியபோது வண்டி வந்தது. அந்த நிலத்தை மட்டும் அணைத்தார்கள். வீடு எரிந்து முடிந்தது. உள்ளே இருந்த நாய்களும் பூனையும் செத்தன.

நமது ஊரில் அப்படி இல்லை. 101க்கோ 112க்கோ போன் செய்தால், கர்பட்டி ரசீது இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. வாடகைக்கு இருப்பவர், பாக்கி வைத்தவர், தெருவோரம் படுப்பவர், எல்லாருக்கும் வண்டி வரும். எல்லாரிடமும் வரியாக வாங்கினால்தான் இப்படி நடத்த முடியும்.

ஆனால் வரியைப் பற்றி நம்மிடம் நேராக ஓட்டு கேட்பதில்லை. நகர்மன்றம்தான் தீர்மானம் போடுகிறது. அந்த மன்றத்துக்கு ஆளை அனுப்பத்தான் நமக்கு ஓட்டு.

அம்பர்நாத்தில் இந்த ஓட்டுக்கு ஒரு கதை உண்டு. 1983இல் இந்த ஊரைக் கல்யாண் மாநகராட்சியோடு சேர்த்தார்கள். 1992இல் பிரித்து மறுபடியும் தனி நகராட்சி ஆக்கினார்கள். 2015இல் தேர்தல் நடந்தது. அந்த மன்றத்தின் காலம் 2020இல் முடிந்தது. கொரோனா வந்தது. பிறகு வழக்குகள் வந்தன. ஐந்து வருடத்துக்கு மேல் தேர்தலே இல்லை. அரசு வைத்த நிர்வாக அதிகாரி ஒருவர்தான் மன்றத்தின் இடத்தில் இருந்தார். அப்போதும் பில் வந்தது. கேள்வி கேட்க வார்டுக்கு ஒரு நகர்சேவக் மட்டும் இல்லை. 2025 டிசம்பர் 20 அன்றுதான் ஓட்டுப்பெட்டி திரும்பி வந்தது. மக்கள் நகர்மன்றத் தலைவரையும் தங்கள் வார்டு உறுப்பினர்களையும் தேர்ந்தெடுத்தார்கள்.

ஓட்டுப் போட்ட பிறகும் மக்களுக்கு ஒரு வழி இருக்கிறது. நிறையப் பேருக்கு அது தெரியாது. வீட்டு மதிப்பைப் புதிதாகக் கணக்குப் போட்டால் நகராட்சி பட்டியல் வெளியிட வேண்டும். ஆட்சேபம் சொல்ல நாள் கொடுக்க வேண்டும். அந்த நாளுக்குள் எழுதிக் கொடுத்தால் விசாரிக்க வேண்டும். வாயால் சொன்னால் போதாது. ஒரே அறை உள்ள வீட்டுக்கு இரண்டு அறை என்று எழுதியிருக்கலாம். தகரக் கூரையைத் தளம் என்று போட்டிருக்கலாம். இப்படிப்பட்ட தப்பைத் திருத்த அதுதான் நேரம். மனுவின் நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொரு விஷயம். 500 சதுர அடி வரை உள்ள வீட்டுக்குச் சொத்து வரி இல்லை என்று 2022இல் அறிவித்தார்கள். அது மும்பை மாநகராட்சி வீடுகளுக்கான சலுகை. செம்பூரில் இருக்கும் தங்கைக்கு பில் வரவில்லை என்பதால் அம்பர்நாத் அக்கா கட்டாமல் இருக்க முடியாது.

பில்லைப் படிக்கும்போது 'அக்னிஷமன்' என்ற சொல்லைத் தேடலாம். தீயணைப்புக்கு மராத்தியில் அதுதான் சொல். சில ஊர்களில் அதற்குத் தனித் தொகை போட்டிருக்கும். சில ஊர்களில் மொத்த வரிக்குள் சேர்ந்திருக்கும். மும்பையில் பொது வரிக்குள் இருக்கிறது. பில்லில் காணவில்லை என்றால் நகர்சேவக்கிடம் கேட்கலாம். வண்டி எத்தனை, ஆள் எத்தனை, நமது சந்துக்குள் வண்டி நுழையுமா என்பதையும் சேர்த்துக் கேட்கலாம். நகராட்சிக்குப் புது வருடக் கணக்கு ஏப்ரல் 1இல் தொடங்குகிறது. பட்ஜெட் அதற்கு முன்பே முடிவாகிவிடும். கேட்பவர்கள் அதற்கு முன்னால் போக வேண்டும்.